கேசரியில் சீனியை எடுத்துவிட்டால்

‘ஒரு மாத்திரை ஒரு தேக்கரண்டி சீனிக்குச் சமம்’ என்று செயற்கை இனிப்பூட்டி டப்பாவில் போட்டிருப்பது காபிக்குச் சரி. கேசரிக்குச் சரியில்லை, லட்டுக்குப் பாதி சரி, மைசூர்பாகுக்குக் கிட்டவே வராது. சீனிக்கு நாக்கில் இனிப்பது ஒரு வேலைதான். ரவையை இளக்குவது, கம்பிப் பதத்தில் இழுபடுவது, சர்பத்தைக் கெடாமல் வைப்பது, குல்ஃபியைக் கல்லாக உறையாமல் காப்பது என்று வெளியே தெரியாத வேலைகள் அதற்கு நிறைய உண்டு. மாத்திரை போட்ட பிறகு இவற்றையெல்லாம் யார் செய்வது என்பதுதான் என் அடுப்படிக் கேள்வி. வீட்டில் அத்தைக்கும் மாமாவுக்கும் சுகர். இருவருக்கும் இனிப்பு வேண்டும். அதனால் சில மாதமாக ஒவ்வொரு பண்டமாகச் செய்து பார்த்து, பிடித்தது பிடிக்காததைக் குறித்து வைத்திருக்கிறேன்.

முதலில் சாமான். கடையில் கிடைக்கும் மாத்திரை, பொட்டலம், தூள் எல்லாவற்றிலும் இனிப்பூட்டி இருப்பது இம்மியளவுதான். மற்றதெல்லாம் இடத்தை அடைக்கப் போட்டது. சுக்ரலோஸ் சீனியைப் போலச் சுமார் 600 மடங்கு இனிப்பு. அஸ்பார்ட்டேமும் அசிசல்ஃபேம் பொட்டாசியமும் ஏறத்தாழ 200 மடங்கு. சாக்ரின் 300 மடங்குக்கு மேல். 600 மடங்கு இனிப்புள்ள பொருளை யாராலும் கரண்டியால் அள்ள முடியாது. அதனால் தூளில் மால்டோடெக்ஸ்ட்ரின் கலக்கிறார்கள். அது மாவுச்சத்து, ரத்தத்தில் சர்க்கரையாக வேகமாக மாறுவது. ஒரு பொட்டலத்தில் ஒரு கிராம் இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் ‘சீனிக்குக் கப்புக்குக் கப்’ என்று விற்கும் தூளில் அது கணிசமாகச் சேர்ந்துவிடும். ஸ்ப்ளெண்டா என்ற சுக்ரலோஸ் பிராண்டின் அந்த வகைத் தூளில் ஒரு கப்புக்குச் சுமார் 24 கிராம் மாவுச்சத்து வருகிறது. பலகாரத்துக்குக் கப் கணக்கில் போடுகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதனால் நான் கலப்பில்லாத சுக்ரலோஸ் தூளை வாங்கி, தண்ணீரில் கரைத்துச் சொட்டு மருந்து போல வைத்துக்கொண்டேன். கொதித்து ஆறிய தண்ணீரில் அரை கிராம் தூளைக் கரைத்து, மொத்தம் 50 மி.லி. வரும்படி ஊற்றிக்கொள்ள வேண்டும். ஒரு மி.லி.யில் 10 மில்லிகிராம் சுக்ரலோஸ் இருக்கும். அது 6 கிராம் சீனியின் இனிப்பு, அதாவது தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட. பிள்ளைகளுக்கு டானிக் கொடுக்கும் ஃபில்லரில் ஒரு மி.லி. கோடு போட்டிருப்பதால் அளப்பது சுலபம். நேராகத் தூளைப் போட்டால் என்ன என்று கேட்கலாம். ஒரு டம்ளர் காபிக்குத் தேவைப்படுவது 10 மில்லிகிராம்தான். நகைக்கடைப் பாணிச் சின்னத் தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும், அதிலும் முன்பின் இருக்கும். அரை கிராமை நிறுத்தால் அந்தப் பிசகு பொருட்டில்லை. 10 மில்லிகிராமை நிறுத்தால் காபி ஒரு நாள் சப்பென்றும் மறுநாள் திகட்டியும் இருக்கும். தூளைக் கையாளும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஒரு துகள் உதட்டில் பட்டால் அரை மணி நேரத்துக்குக் குடிக்கும் தண்ணீரும் இனிக்கும். புட்டியில் சீனி போல எதையும் கெடாமல் வைக்கும் பொருள் இல்லை, அதனால் கொஞ்சமாகச் செய்து ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது.

ருசி பார்க்காமல் இந்தப் பொருள்கள் கிடைத்திருக்கவே மாட்டா என்பது வேடிக்கை. 1879இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தார்க்கழிவு வேதிப்பொருள்களோடு மல்லுக்கட்டிய ஃபால்பெர்க், கையில் ஒட்டியிருந்தது இனித்ததால் சாக்ரினைக் கண்டுபிடித்தார். 1976இல் லண்டன் குயின் எலிசபெத் கல்லூரியில் நம் ஊர்க்காரர் சசிகாந்த் பட்னிஸ், பரிசோதிக்கச் சொன்னதை ருசிக்கச் சொன்னதாகக் காதில் வாங்கி, நாக்கில் வைத்துப் பார்த்தாராம். அதுதான் சுக்ரலோஸ். இன்றைக்கு எந்த ஆய்வகத்திலும் இப்படிச் செய்தால் வேலை போய்விடும்.

சரி, காபி. இதில் பெரிய சிக்கல் இல்லை. டிகாக்ஷனும் பாலும் கலந்த பிறகு ஒரு மி.லி. விட்டு ஆற்றினால் போதும். ஒரே ஒரு வித்தியாசம், சீனியின் இனிப்பு சட்டென வந்து சட்டெனப் போகும். சுக்ரலோஸ் இனிப்பு கொஞ்சம் தாமதமாக வந்து, காபியை விழுங்கிய பிறகும் நாக்கில் உட்கார்ந்திருக்கும். சாக்ரின் மாத்திரையும் போட்டுப் பார்த்தேன். “ஏம்மா, இது காபியா கஷாயமா?” என்று அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். சாக்ரினின் கசப்பு அப்படி. அந்தக் காலத்துக் குச்சி ஐஸ் உறிஞ்சியவர்களுக்கு அது தெரியும். தொழிற்சாலைகளில் இதற்காகவே இரண்டு மூன்று இனிப்பூட்டிகளைக் கலப்பார்கள். ஒன்றின் பின்சுவையை இன்னொன்று மறைக்கும், கூட்டினால் இனிப்பும் தனித்தனி அளவைவிடக் கூடும். சீனி இல்லாத குளிர்பானப் புட்டிகளில் இரண்டு பெயர் சேர்ந்து வருவது அதனால்தான்.

டீயில் கவனம் வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் டீ கொதிக்கும்போதே சீனி போடுகிற பழக்கம். அஸ்பார்ட்டேம் மாத்திரையை இஞ்சியோடும் தூளோடும் சேர்த்துக் கொதிக்கவிட்ட டீயையும், வடிகட்டிய பின் மாத்திரை போட்ட டீயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கொதித்ததில் இனிப்பு அடங்கிப் போயிருக்கும். அஸ்பார்ட்டேம் என்பது இரண்டு அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு மூலக்கூறு. சூட்டில் அந்தக் கோப்பு அவிழ்ந்துவிடும், அவிழ்ந்தால் இனிக்காது. ஃபிளாஸ்க்கில் ஊற்றி ஆபீஸுக்கு எடுத்துப் போகிற காபிக்கும் இதே கதைதான், பதினோரு மணிக்குக் குடிக்கும்போது இனிப்பு குறைந்திருக்கும். மாத்திரையைத் தனியே கொண்டுபோய்க் குடிக்கும் நேரத்தில் போட்டுக்கொள்ளலாம். சுக்ரலோஸும் அசிசல்ஃபேமும் கொதிப்புக்கு அசையாது.

எலுமிச்சை ஜூஸ், மோர், பழ மில்க் ஷேக் இவற்றுக்கெல்லாம் சொட்டு விட்டால் முடிந்தது, எழுத ஒன்றுமில்லை. நன்னாரி சர்பத்தில்தான் வேலை இருக்கிறது. கடைச் சர்பத் மாதக்கணக்கில் அலமாரியில் கெடாமல் நிற்பதற்குக் காரணம் அதிலிருக்கும் சீனியின் அடர்த்தி. பாகில் மூன்றில் இரண்டு பங்கு சீனி இருக்கும்போது பூஞ்சைக்குத் தண்ணீர் கிடைக்காது. நன்னாரி வேரைத் தட்டி ஊறவைத்துக் கொதிக்கவிட்ட சாற்றில் சுக்ரலோஸ் கலந்தால் மணமும் இனிப்பும் வந்துவிடுகின்றன, ஆனால் அது வெறும் வேர்த் தண்ணீர். வெளியே வைத்தால் இரண்டு நாளில் மேலே வெள்ளையாகப் படரும். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது ஒரு கட்டியைச் சோடாவிலோ தண்ணீரிலோ போட்டுக்கொள்வது எனக்குத் தோதாக அமைந்தது. எலுமிச்சையும் பிழிந்தால் கடைச் சர்பத்துக்கு ஒன்றும் குறைவில்லை. கெட்டியாக நாக்கில் வழுக்குவது மட்டும் இருக்காது.

இனி கேசரி. ஒரு கப் ரவை ஏறத்தாழ 170 கிராம். எங்கள் வீட்டு வழக்கத்தில் அதற்கு ஒன்றரைக் கப் சீனி, அதாவது 300 கிராம். கேசரி கிண்டியவர்களுக்கு ஒரு நொடி நன்றாகத் தெரிந்திருக்கும். ரவை வெந்து கெட்டியாகிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும். சீனியைக் கொட்டியதும் எல்லாம் இளகி, பளபளவென்று தண்ணீர்ப் பதத்துக்குத் திரும்பிப் போகும். பிறகு நெய் விட்டுக் கிளறக் கிளறச் சுருண்டு வரும். சீனிக்குப் பதில் சொட்டு விட்டால் அந்த இளகல் வராது. 300 கிராம் சீனி கரைந்தால் மட்டுமே கிட்டத்தட்ட 185 மி.லி. பாகு சேர்கிறது, அது இப்போது இல்லை. போதாததற்குச் சீனி தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்து, ரவையின் மாவுச்சத்து முழுவதும் ஊதி இறுகாமல் பார்த்துக்கொள்ளும். சீனி இல்லாவிட்டால் ரவை கிடைத்த தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு, ஆறும்போது இறுகிவிடும். தட்டில் கொட்டி அரை மணி கழித்துக் கத்தி போட்டால் ஓரம் வெடிக்கும், துண்டு உதிரும். ஏலக்காயும் முந்திரியும் போட்ட இனிப்பு உப்புமா.

தண்ணீரை இரண்டரைக் கப்பிலிருந்து மூன்றரையாக்கி, அதில் ஒரு பங்கைப் பாலாகக் கொடுத்தால் சூடாகச் சாப்பிடும்வரை நன்றாக இருக்கிறது. ஆறினால் பழையபடிதான். கடைசியில் எனக்குக் கைகொடுத்தது வெள்ளைப் பூசணி. அரைக் கப் வறுத்த ரவைக்கு இரண்டு கப் துருவிய பூசணியை அதன் தண்ணீரோடு வேகவைத்து, அதில் ரவையைத் தூவிக் கிண்டினால், பூசணி நார் ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. மறுநாள் காலையிலும் மெத்தென்று இருக்கிறது. பளபளப்பு வராது, அதை விட்டுவிடுங்கள். அது சீனிப் பாகின் மினுக்கு.

சொட்டின் அளவிலும் ஒரு விஷயம். முழு ரவைக் கேசரியில் கணக்குப்படி 300 கிராம் சீனிக்கு 50 மி.லி. கரைசல் வேண்டும். நான் 30 மி.லி.யில் நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் விட்டால் இனிப்பு கூடுவதில்லை, தொண்டையில் தங்குவதுதான் கூடுகிறது. 600 மடங்கு என்பது நீர்த்த கரைசலில் எடுத்த சராசரி, எல்லா அளவிலும் அப்படியே பொருந்தாது. 30 மி.லி. என்றால் 300 மில்லிகிராம் சுக்ரலோஸ், ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 50. உலக அளவில் உணவுச் சேர்பொருள்களை மதிப்பிடும் நிபுணர் குழு வைத்திருக்கும் வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம். 60 கிலோ எடைக்கு 900 மில்லிகிராம் ஆகிறது.

அடுப்பை அணைத்த பிறகே நான் சொட்டு விடுகிறேன். சுக்ரலோஸை 120 பாகைக்கு மேல் சூடாக்கினால் குளோரின் சேர்ந்த வேண்டாத சேர்மங்கள் உருவாகக்கூடும் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் எச்சரித்திருக்கிறது. பாயசமும் கேசரியும் 100 பாகையைத் தாண்டாது, ஆனால் சட்டியின் அடிப்பிடித்த இடத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. எண்ணெயில் பொரிப்பதற்கும் கேக் வேகவைப்பதற்கும் நான் இதைத் தொடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ‘சுகர் ஃப்ரீ கேசரி’ என்றதும் அத்தை இரண்டாவது கரண்டிக்குக் கிண்ணத்தை நீட்டுவார். சீனியை எடுத்ததால் ஆளுக்கு 50 கிராம் சர்க்கரை மிச்சம், உண்மை. ஆனால் 170 கிராம் ரவையில் மட்டும் சுமார் 120 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, ஆளுக்கு 20 கிராம். அதுவும் ரத்தத்தில் சர்க்கரைதான். நெய்யின் கலோரியைப் பற்றிப் பேசவே வேண்டாம். பூசணிக் கேசரியில் ரவை பாதியாகிவிடுவது இந்த வகையிலும் லாபம். கருப்பட்டி போட்டால் சுகர் ஏறாது என்று சொல்கிற உறவினர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பங்கு இருப்பது சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்.

கேரட் அல்வாவுக்கு நான் முழு மார்க் போடுவேன். அதன் உடம்பு கேரட்டும் சுண்டிய பாலும்தான், சீனி அங்கே விருந்தாளி. ஜவ்வரிசிப் பாயசம் ருசியில் தேறியது, மாவுச்சத்தில் தேறவில்லை.

உருண்டைகளுக்கு எரித்ரிட்டால் வேண்டும். இது நொதிக்கவைத்துத் தயாரிக்கும் சர்க்கரை ஆல்கஹால், போதை தரும் ஆல்கஹால் அல்ல. பார்க்கச் சீனி போலவே பளிங்காக இருக்கும், இனிப்பு சீனியில் 60, 70 சதவீதம், கலோரி கிராமுக்கு 0.2. பயத்தம் உருண்டையிலும் பொட்டுக்கடலை மாவுருண்டையிலும் சீனி பாகாவதில்லை, பொடியாக இருந்து இடத்தை அடைக்கிறது, நெய் பிடித்து வைக்கிறது. அந்த வேலையை எரித்ரிட்டால் அலுங்காமல் செய்கிறது. இனிப்புக் குறைவை ஈடுகட்ட 100 கிராம் எரித்ரிட்டாலோடு 1 கிராம் சுக்ரலோஸைச் சேர்த்து மிக்ஸியில் நன்றாக ஓட்டி ஒரு கலவை வைத்துக்கொண்டேன். 150 கிராம் பொடித்த சீனி போடும் இடத்தில் 130 கிராம் எரித்ரிட்டால் பொடியும் 10 கிராம் இந்தக் கலவையும். 200 கிராம் வறுத்து அரைத்த பாசிப்பருப்பு மாவு, உருக்கிய சூட்டு நெய், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. கை பொறுக்கும் சூட்டில் பிடித்தால் உருண்டை வழவழவென்று நிற்கிறது. எரித்ரிட்டாலைத் திருநீறு போல மைய அரைக்க வேண்டும், இல்லாவிட்டால் பல்லில் நறநறக்கும்.

மாமா ஒன்றை வாயில் போட்டுவிட்டு, “என்னம்மா, உள்ளே ஏசி போட்டுவிட்டாயா?” என்றார். எரித்ரிட்டால் பளிங்கு எச்சிலில் கரையும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சும், அதனால் நாக்கு குளிரும். ஏற்கெனவே கரைந்துவிட்ட பாயசத்தில் இந்தக் குளிர்ச்சி இல்லை, உருண்டையில்தான் உண்டு. சுக்குப் பொடி கொஞ்சம் சேர்த்தால் அதன் காரம் இதைச் சமன் செய்கிறது. மாமாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருப்பதால் அவருக்கு ருசி பார்த்ததோடு சரி. ரத்தத்தில் எரித்ரிட்டால் அளவு கூடியிருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயமும் கூடியிருந்ததாகவும், 30 கிராம் குடித்தால் அது ரத்தத்தில் இரண்டு நாளுக்கு மேல் தங்குவதாகவும் கிளீவ்லாண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் 2023இல் எழுதினார்கள். காரணம் எரித்ரிட்டால்தான் என்று அது நிரூபிக்கவில்லை, உடம்பே கொஞ்சம் எரித்ரிட்டாலை உண்டாக்கும். ஆனாலும் இதய நோயாளிக்குத் தட்டு நிறைய வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மைசூர்பாகு, அதிரசம், பாகு பிடிக்கும் எதுவும் நடக்காது. எரித்ரிட்டாலைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தொட்டு இழுத்துப் பாருங்கள். கம்பியே விழாது. கொதிக்கும்வரை தண்ணீர் போலவே நிற்கும், அடுப்பை அணைத்துக் கொஞ்சம் ஆறியதும் ஓரத்தில் மணல் கட்டி, கண்ணெதிரே முழுவதும் பளிங்காகிவிடும். சுக்ரலோஸில் பாகு என்ற பேச்சுக்கே இடமில்லை, பாகாவதற்கு அங்கே பொருளே இல்லை. இந்தப் பலகாரங்களை உண்மையான சீனியில் செய்து, சின்ன வில்லையாகப் போட்டு, ஒன்றோடு நிறுத்திக்கொள்வதுதான் என் வழி.

கடைப் பண்டம் வாங்கும்போது அட்டையைத் திருப்பி, சேர்பொருள்களின் எண்களைப் பாருங்கள். 950 அசிசல்ஃபேம், 951 அஸ்பார்ட்டேம், 954 சாக்ரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா, 968 எரித்ரிட்டால். ‘டயட்’ என்று எழுதாத சில குளிர்பானங்களிலும் 955, 960 இருக்கும், சீனியைக் குறைத்துவிட்டு ஈடுகட்டப் போட்டது. 965 என்றால் மால்டிட்டால், இதுவும் ஒரு சர்க்கரை ஆல்கஹால். பெயர் வேண்டாம், ஒரு கடையின் ‘சர்க்கரை சேர்க்காத’ பர்ஃபிப் பெட்டியில் இதுதான் இருந்தது. மால்டிட்டால் சீனியைப் போலவே பாகாகும், அதனால் கடைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும், நாலைந்து துண்டு உள்ளே போனால் வயிற்றைக் கலக்கிவிடும். எங்கள் வீட்டில் பெட்டி காலியான அன்றிரவு கழிப்பறைக்கு வரிசை.

பயப்படுகிறவர்களுக்கு: 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அஸ்பார்ட்டேமைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி வகையில் சேர்த்தது. அதே சமயத்தில் முன்பு சொன்ன சேர்பொருள் நிபுணர் குழு, கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. 70 கிலோ ஆள் அதைத் தாண்ட வேண்டுமானால் நாளொன்றுக்கு 9 முதல் 14 டயட் பானக் கேன்களுக்கு மேல் குடிக்க வேண்டும். பீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் குறை உள்ளவர்கள் மட்டும் அதைத் தொடவே கூடாது. அதே ஆண்டு மே மாதம், உடல் எடையைக் குறைப்பதற்காக இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை இல்லை. என் அடுப்படியில் இது பெரியவர்கள் இருவருக்கு மட்டும்தான், பிள்ளைகளின் பாலில் சொட்டு விடுவதில்லை.

கடைசியாக, புட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘சீனி அல்ல’ என்று ஒட்டி வையுங்கள். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுக்கிறவர்களுக்கு லோ சுகர் வந்து வியர்த்துக் கை நடுங்கும் நேரத்தில், பதற்றத்தில் யாராவது இந்தச் சொட்டு விட்ட எலுமிச்சை ஜூஸைக் கொடுத்தால் அது இனிக்கும், ஆனால் சர்க்கரை ஒரு புள்ளிகூட ஏறாது. அப்போது வேண்டியது உண்மையான சீனி அல்லது குளுக்கோஸ். எங்கள் வீட்டில் சீனி டப்பா மேல்தட்டில் முன்வரிசையில் இருக்கிறது, அத்தையின் கைப்பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம்.